படிவத்தின் பின்பக்கம்

ஜனவரி 21, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வரும் நாள். ஐந்து மணிக்கே எழுந்து நான்கு டிரம்களையும் நிரப்பிவிட்டேன். அருப்புக்கோட்டையில் குடித்தனம் நடத்துபவளுக்கு வேறு தியானம் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கு ‘எழுச்சிச் சுடர்’ பரமகுரு வருகிறார். பொதுத்தேர்வுக்கு முன்னால் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட வேண்டுமாம். ஒவ்வொரு ஆண்டும் இப்படி யாராவது வந்து ஊட்டிவிட்டுப் போகிறார்கள். மார்ச்சில் பிள்ளைகள் தாம் படித்ததைத்தான் எழுதுகிறார்கள்.

அவருடைய அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. மேடையின் அகலம், ஒலிபெருக்கி, பேச்சாளருக்கு வெந்நீர் என்று வரிசையாகக் கேட்டு, கடைசியில் ‘நெகிழ்ச்சியான குடும்பப் பின்னணி கொண்ட மாணவியர் ஐவர்: பெயர், அமரும் வரிசை, சுருக்கமான விவரம்’ என்று இருந்தது. மேடையில் நின்று ‘உன் கண்ணைப் பார்த்தாலே தெரியுதும்மா’ என்று அவர் சொல்வதற்கு இதுதான் மூலப்பொருள் போலும்.

தலைமையாசிரியை ஜெயக்கொடி படிவத்தை என் மேசையில் வைத்தார். “சுகந்தி டீச்சர், பன்னெண்டு மணிக்குள்ள வேணும். ப்ளஸ் டூ கிளாஸ் டீச்சர் நீங்கதான. இந்த ஸ்கூல்ல நாலு வரி ஒழுங்கா எழுதத் தெரிஞ்ச ஆளும் நீங்கதான்.”

ஐந்து பேர் கேட்டிருந்தார்கள். மூன்று பேரைத்தான் எழுதினேன். தாவரவியல் ரெக்கார்டு நோட்டுகள் முப்பத்தெட்டு திருத்தக் கிடந்தன.

இரவுக்குக் கோதுமை ரவை உப்புமா.

ஜனவரி 24, வெள்ளி

நிகழ்ச்சி முடிந்தது. நானூறு பிள்ளைகள், பின்வரிசைகளில் பெற்றோர்கள். பரமகுரு நான் நினைத்ததைவிட உயரம் குறைவு. நினைத்ததைவிட நன்றாகப் பேசினார். முதல் முக்கால் மணி நேரம் சிரிக்க வைத்தார். “கணக்கு டீச்சர் உங்களைப் பாத்து முறைச்சாங்கன்னா கோவப்படாதீங்க. அவங்க வீட்ல அவங்களை முறைக்க ஒரு ஆள் இருக்கு” என்றார். கணக்கு டீச்சரும் சிரித்தார்.

பிறகு விளக்குகளை அணைக்கச் சொன்னார். எல்லோரும் கண்களை மூட வேண்டும். மடிக்கணினியிலிருந்து புல்லாங்குழல் வந்தது.

“இந்த மண்டபத்துல ஒரு மகள் இருக்கா. மாசத்துல ஒரு நாள் அவ பள்ளிக்கூடத்துக்கு வர்றதில்ல. அப்பா திருப்பூர்ல கம்பெனி வேலைன்னு சொல்லி வச்சிருக்கா. அவர் திருப்பூர்ல இல்ல. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிக்கிறார். அந்த வலையோட ஓட்டையில ஒரு விரல் நுனி மட்டும்தான் வெளிய வரும். அந்த விரல் நுனியைத் தொட்டுட்டு வந்துதான் இவ பரீட்சை எழுதுறா.”

பின்வரிசையில் ஒரு தாய் சத்தமாக அழுதார். பிறகு முன்னால் பிள்ளைகள்.

“அந்த மகள் மேடைக்கு வரணும். வெக்கப்பட வேண்டியது அவ இல்ல, நாமதான்.”

அவர் பெயர் சொல்லவில்லை. அவசியமும் இல்லை. மாதம் ஒரு நாள் வராதவள் யார் என்று வகுப்பில் முப்பத்தேழு பேருக்குத் தெரியும். மூன்றாவது வரிசையை நோக்கித் தலைகள் திரும்பின. நாகஜோதி எழுந்து போனாள். போகாமல் உட்கார்ந்திருக்க அவளால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. பரமகுரு அவளுக்குச் சால்வை போர்த்தினார். பிறகு குனிந்து அவள் காலைத் தொட்டார். அவள் இரண்டு கைகளையும் இறுக மூடிக்கொண்டு நின்றாள். கேமராக்காரர் மேடை மேலேயே ஏறிவிட்டார்.

எனக்குத் தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிறேன்.

ஜனவரி 25, சனி

மாவு அரைத்தேன். மின்விசிறிகளைத் துடைத்தேன். வேறொன்றும் இல்லை.

ஜனவரி 27, திங்கள்

நாகஜோதி வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் கட்டத்தைச் சற்று நேரம் காலியாக விட்டிருந்தேன். பத்து மணிக்கு மேல் வரவில்லை என்பதற்கு ‘வ’ போட வேண்டியதாயிற்று.

முத்துமீனா கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து நாகஜோதியும் அவளும் ஒரே பெஞ்சு. என்னவென்று கேட்டேன். பக்கத்து வரிசையில் ஒருத்தி சொன்னாள்: “இவதான் மிஸ் அந்த சாருகிட்டப் போட்டுக் குடுத்துருக்கா. இவளுக்கு மட்டும்தான் தெரியுமாம். நாகஜோதியே சொல்லிட்டா.”

“நான் சொல்லல” என்றாள் முத்துமீனா, மேசையைப் பார்த்தபடி.

“அப்ப அவருக்குக் கனவுல வந்துச்சாக்கும்.”

வகுப்பு சிரித்தது. நான் ஒளிச்சேர்க்கைப் பாடத்தைத் திருப்புதல் செய்ய ஆரம்பித்தேன்.

ஜனவரி 29, புதன்

கோயம்புத்தூர் விடுதியிலிருந்து மகள் மதுவந்தி ஒரு காணொளியை அனுப்பியிருந்தாள். “அம்மா, இது உங்க ஸ்கூல் தானே? ஹாஸ்டல்ல எல்லாரும் அழுதுட்டோம்.” தலைப்பு: ‘சிறையில் தந்தை, சாதிக்கத் துடிக்கும் மகள்’. அப்போதே ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

நாகஜோதியின் முகத்தை மறைக்கக்கூட இல்லை.

பிப்ரவரி பத்தாம் தேதி உயிரியல் செய்முறைத் தேர்வு. அதற்கு வராவிட்டால் பொதுத்தேர்வில் அந்தப் பாடம் போய்விடும். இந்த வகுப்பில் என் பாடத்தில் தொண்ணூறைத் தாண்டக்கூடியவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருத்தி அவள். நர்சிங் சேர வேண்டும் என்று ஜூனிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள்.

ஜனவரி 31, வெள்ளி

பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். பஞ்சாலைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அம்மா சந்தனமாரி அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்தார். தலைமுடியெல்லாம் பஞ்சு. நாகஜோதி உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“வாங்க டீச்சரம்மா, உக்காருங்க. இந்தச் சேரு கால் ஆடும், அதுல உக்காருங்க.” டீ போட எழுந்தவரைத் தடுத்தேன். அவர் கேட்கவில்லை.

“மில்லுல ஒருத்தி செல்லுல காமிச்சா டீச்சரம்மா. ‘இது ஓன் மக தான சந்தனம்’னா. எம் மகதான்னேன். என்னத்தச் சொல்ல. மூணு வருசமா ஒரு குஞ்சுக்குத் தெரியாம வச்சிருந்தேன். வீட்டுக்காரரு ஒரு வெட்டு வழக்குல உள்ள போனாரு. அவரு கை வச்சாரா, பக்கத்துல நின்னாரான்னு எனக்கே இன்னும் வெளங்கல. வாடகைக்கு வீடு குடுக்க மாட்டாகன்னுதான் திருப்பூருன்னு சொன்னது.”

வீட்டுக்காரம்மா காலி செய்யச் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன்.

“இன்னும் சொல்லல. பாக்குற பார்வை மாறிருச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அதுல ஒரு பொய் வேற. விரலு நுனியத் தொட்டாளாமுல்ல. அங்க கண்ணாடிதான் டீச்சரம்மா. இந்தப் பக்கம் ஒரு போனு, அந்தப் பக்கம் ஒரு போனு. மூணு வருசத்துல அவ அப்பனத் தொட்டதே இல்ல. அந்த முத்துமீனாப் புள்ள கூட்டிக் கட்டிச் சொல்லிருக்கு. எங்க வீட்டுச் சோறு எத்தன நாள் தின்னுருக்கும்.”

உள்ளேயிருந்து நாகஜோதியின் குரல் வந்தது. “அவளப் பத்திப் பேசாதம்மா.”

“அவதான் சொல்லிருப்பான்னு உறுதியாத் தெரியுமா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

“வேற யாரு டீச்சரம்மா? வெளிய தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. ஒண்ணு நீங்க, இன்னொண்ணு அது. நீங்களா சொல்லப் போறீக?”

டீயில் சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன்.

பிப்ரவரி 1, சனி

பரமகுருவின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். காணொளியை எடுக்க வேண்டும் என்றேன். மேலாளர் மழுப்பினார். பிள்ளைக்கு உதவி செய்ய வெளிநாட்டிலிருந்துகூடக் கேட்கிறார்களாம். விடாமல் பேசியதில் பரமகுருவிடமே கொடுத்தார்.

சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் களைத்த குரலில், “பிள்ளை பள்ளிக்கூடம் வரலையா?” என்று கேட்டார். “எடுத்துடச் சொல்றேன் மேடம். ஆனா மத்தவங்க எடுத்துப் போட்டிருக்கிறதை நான் ஒண்ணும் பண்ண முடியாது.” பிறகு கேட்டார்: “அந்தப் படிவம் எழுதினது நீங்கதானே? பின்பக்கம் பாக்கவும்னு அம்புக்குறி போட்டு எழுதியிருந்தீங்களே. மேடையில அதுல ஒரு சொல்லைக்கூட நான் மாத்தலை. இருபது வருஷமாப் பேசுறேன் மேடம், அந்த விரல் நுனி மாதிரி ஒரு வரி எனக்கு வந்ததில்ல.”

நான் இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கணவர் சபாபதி உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். வீட்டில் யாரும் இல்லை. இனியும் இந்த நோட்டில் சுற்றி வளைப்பதில் அர்த்தம் இல்லை.

அந்தப் படிவத்தில் விவரத்துக்கு இரண்டு வரிதான் இடம் இருந்தது. மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் ‘தந்தை இல்லை’, ‘தாய்க்குப் புற்றுநோய்’ என்று எழுதி முடித்தேன். நாகஜோதிக்கு வந்தபோது இரண்டு வரி போதவில்லை. தாளைத் திருப்பினேன். பதினொரு வரி எழுதினேன்.

அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். ஜூன் மாதம், ஆய்வகத்தில், மற்றவர்கள் போன பிறகு: “மிஸ், எங்கப்பா ஜெயில்ல இருக்காங்க. மாசம் ஒருநாள் பாக்கப் போவோம். லீவ் லெட்டர்ல காய்ச்சல்னு எழுதுறேன், விட்டுருங்க மிஸ். முத்துமீனாவுக்கு மட்டும்தான் தெரியும். வேற யார்கிட்டயும் சொல்லிராதீங்க.” சொல்ல மாட்டேன் என்றேன்.

கம்பி வலை நான் எழுதியது. விரல் நுனி நான் எழுதியது. சிறையின் வாசலைக்கூட நான் பார்த்ததில்லை. அந்த வரி வந்தபோது பேனாவை எடுத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. கல்லூரி நாட்களில் இரண்டு கதைகள் எழுதி அனுப்பி, அவை பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தபின் இருபத்தைந்து ஆண்டுகளில் நான் எழுதியதெல்லாம் பாடக்குறிப்பும் விடுப்பு விண்ணப்பமும்தான். ஜெயக்கொடி டீச்சர் சொன்ன ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. உதவித்தொகை ஏதாவது கிடைக்கட்டும் என்றுதான் எழுதினேன் என்று இந்தப் பத்து நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன். எழுதும்போது அந்த நினைப்பே இல்லை.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை மண்டபத்தில் எனக்குத் தலைவலி இல்லை. நான் அழுதேன். எங்கிருந்து வந்தது, எவ்வளவு பொய் என்று எல்லாம் தெரிந்திருந்தும், விரல் நுனி என்று அவர் சொன்னபோது முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். நாகஜோதிக்காக அழுதேன் என்று சொல்ல முடியாது. அவள் அப்போது எழுந்திருக்கவே இல்லை. என் வரிக்காக அழுதேன்.

பேச்சாளர்களை ஏளனம் செய்து இந்த நோட்டில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். புரட்டிப் பார்க்கக் கூசுகிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

மறுபடி போனேன். சந்தனமாரி மில்லில் இருந்தார். நாகஜோதி வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, நானே படியில் உட்கார்ந்தேன்.

“அந்த சாருக்கு எழுதிக் கொடுத்தது முத்துமீனா இல்ல. நான்.”

அவள் கை நின்றது. பிறகு மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள்.

“விரல்?”

“அதுவும் நான்தான். நானா எழுதினேன்.”

“எதுக்கு மிஸ்?”

மூன்று நாளாகத் தயார் செய்து வைத்திருந்த பதில்களை விட்டுவிட்டேன். “எழுத நல்லா இருந்துச்சு” என்றேன். அதுதான் உண்மை.

முறத்தில் கல்லைத் தேடிக்கொண்டே பேசினாள். “அவள என்னெல்லாம் பேசிட்டேன் தெரியுமா மிஸ். அவங்க அம்மாவ இழுத்துப் பேசிட்டேன். வாட்சப்ல கிளாஸ் குரூப்ல போட்டேன்.” முறத்தைக் கீழே வைத்தாள். “நான் வர மாட்டேன். எல்லாரும் அவளப் பாத்துச் சிரிக்கிற கிளாஸ்ல நான் போயி எப்பிடி உக்கார?”

“செய்முறைத் தேர்வுக்கு மட்டுமாவது வா. ஆறே நாள்தான் இருக்கு.”

“நீங்க சொல்லுங்க. எல்லார் முன்னாடியும், பிரேயர்ல, மைக்குல. முத்துமீனா சொல்லலன்னு சொல்லுங்க. என் பேரச் சொல்லாதீங்க. எங்கப்பாவப் பத்திச் சொல்லாதீங்க. அவ சொல்லலன்னு மட்டும் சொல்லுங்க. அப்பறம் வர்றேன்.”

இருபத்து மூன்று ஆண்டு வேலையில் பிரேயரில் நான் மைக்கைத் தொட்டதில்லை. கொடிநாளன்றுகூட வேறு யாரையாவது பேசவைத்துவிடுவேன்.

சரி என்றேன்.

பிப்ரவரி 5, புதன்

தொண்டை சரியில்லை என்று பிரேயருக்குப் போகவில்லை. தொண்டைக்கு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

ஜெயக்கொடி டீச்சரிடம் அனுமதி கேட்டேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

“உங்களுக்கென்ன கிறுக்கா டீச்சர்? படிவத்தக் குடுன்னு சொன்னது நானு. நீங்க மைக்குல நின்னு ஒத்துக்கிட்டா அடுத்து யார் தலை உருளும்? நிர்வாகத்துல கேப்பாங்க. பேப்பர்காரன் வருவான். பேசாம இருங்க, ரெண்டு வாரத்துல பிள்ளைக மறந்துரும்.”

“மறந்துரும். ஆனா பத்தாம் தேதி தாண்டிரும்.”

“அந்தப் பிள்ளைய நான் வேன் அனுப்பிக் கூட்டிட்டு வர்றேன்.”

“வராது டீச்சர்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் அனுமதி குடுக்கல. அதை எழுதியே வேணும்னாலும் தர்றேன்.” பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “நாளைக்கு எனக்கு டி.இ.ஓ. ஆபீஸ் போற வேலை இருக்கு. பிரேயர் முடிஞ்சுதான் வருவேன்” என்றார்.

அதைக் கருணை என்று சொல்வதா, சாமர்த்தியம் என்று சொல்வதா தெரியவில்லை. வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். நாளைய சேலையை இஸ்திரி போட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

செய்தி வாசிப்பு முடிந்து மாணவத் தலைவி மைக்கை விட்டு நகர்ந்தபோது போய் நின்றேன். அது என் உயரத்துக்கு இல்லை. குனிந்து பேச வேண்டியிருந்தது. எழுதி எடுத்துப் போகவில்லை. எழுதக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

“போன மாசம் நடந்த நிகழ்ச்சியில ஒரு மாணவியோட சொந்த விஷயம் மேடையில சொல்லப்பட்டது. அதைச் சொன்னது முத்துமீனான்னு நீங்க பேசுறீங்க. அவ சொல்லல. அதை எழுதிக் கொடுத்தது நான். சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டு எழுதினேன். அதுல பாதி நானாச் சேர்த்தது. தப்பு என்னோடது. முத்துமீனாகிட்ட மன்னிப்புக் கேக்குறேன்.”

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இருக்காது. பிறகு எட்டாம் வகுப்பு வரிசையிலிருந்து யாரோ கைதட்டினார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். மைக்கில் யார் பேசி முடித்தாலும் கைதட்ட வேண்டும் என்று நாங்கள்தானே பழக்கியிருக்கிறோம். நானூறு பேர் எனக்குக் கைதட்டினார்கள். “தட்டாதீங்க” என்றேன். ஆனால் அதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

ப்ளஸ் டூ வரிசை மட்டும் தட்டவில்லை. முத்துமீனா அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் போனேன். “இத்தனை நாள் கிளாஸ்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தீங்கள்ல மிஸ்” என்றாள். ஆமாம் என்றேன்.

ஆசிரியர் அறையில் யாரும் என்னோடு பேசவில்லை. கணக்கு டீச்சர் மட்டும் தன் டப்பாவிலிருந்து இரண்டு முறுக்கை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 10, திங்கள்

உயிரியல் செய்முறை. காலைப் பிரிவில் நாகஜோதி பெயர் பன்னிரண்டாவது. ஒன்பதே முக்கால்வரை வரவில்லை. வெளித்தேர்வாளர் நரிக்குடியிலிருந்து வந்திருந்தார், பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, “பன்னெண்டு ஆப்சென்டா மேடம்?” என்றார். ஐந்து நிமிடம் பார்ப்போம் என்றேன். என் கை நுண்ணோக்கியின் விளக்கை ஏற்றி ஏற்றி அணைத்துக்கொண்டிருந்தது.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு வந்தாள். சைக்கிளை வேகமாக ஓட்டி வந்த மூச்சு. எண்ணைச் சொல்லி இடத்தில் நின்றாள். தண்டின் குறுக்குவெட்டு அவளுக்கு வந்தது. மெல்லியதாக, ஒரே சீராக வெட்டினாள். நான் பார்த்ததிலேயே நல்ல வெட்டு. வெளித்தேர்வாளரிடம் வாய்மொழிக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள். நான் கேட்ட ஒரு கேள்விக்கும் சொன்னாள், நுண்ணோக்கியைப் பார்த்தபடி.

வெளியே முத்துமீனா நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் பேசிக்கொண்டது சன்னல் வழியாகக் கேட்டது.

“குரூப்ல போட்டத அழிச்சிட்டேன்டி.”

“எல்லாரும் படிச்சதுக்கப்புறம் அழிச்சு என்ன.”

“தப்புதான். என்ன செய்யச் சொல்ற?”

“நான் சொல்லியிருப்பேன்னு எப்பிடி நெனச்ச? ஏழு வருசம்டி.”

முத்துமீனா தன் பிரிவுக்கு உள்ளே வந்துவிட்டாள். அவளுக்கு நெல்லின் வேர் வந்தது. இரண்டு முறை வெட்டுப் பிசகியது.

பிப்ரவரி 14, வெள்ளி

நிர்வாகத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ. ஜெயக்கொடி டீச்சருக்கு ஒன்றும் வரவில்லை. நானும் அவர் பெயரை எழுதவில்லை. வகுப்பாசிரியர் பொறுப்பு கணக்கு டீச்சருக்குப் போய்விட்டது. வருகைப் பதிவேட்டை ஒப்படைத்தேன். சபாபதி, “இதுக்குத்தான் இத்தனை வருஷமா வாயைத் திறக்காம இருந்தியா?” என்றார். கேலியா, வருத்தமா என்று பிரிக்க முடியவில்லை. அப்பளம் பொரித்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 22, சனி

மதுவந்தி வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பிறகு, “நான் ஹாஸ்டல்ல சொன்னதெல்லாம் இப்படி எங்கயாவது எழுதியிருக்கியாம்மா?” என்று கேட்டாள்.

மார்ச் 3, திங்கள்

முதல் தேர்வு, தமிழ். எனக்கு இன்று அறைக் கண்காணிப்புப் பணி இல்லை. ஒன்றேகால் மணிக்குத் தேர்வு மையத்தின் வாசலுக்குப் போய் நின்றேன். வெயிலில் பெற்றோர்கள் கூட்டம். புளியமரத்தடியில் சந்தனமாரி, கையில் தண்ணீர் பாட்டிலோடு. என்னைப் பார்த்துவிட்டார். நான் வேறு பக்கம் போகத் திரும்பினேன்.

“டீச்சரம்மா, இங்கிட்டு நிழலுக்கு வாங்க.”

போனேன். உண்மை தெரிந்த பின் அவரை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். வீட்டைக் காலி செய்தாயிற்று, இப்போது காந்தி நகர்ப் பக்கம் இருக்கிறோம், வாடகை கொஞ்சம் கூட என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

மணி அடித்தது. நாகஜோதி கூட்டத்தோடு வந்தாள். முத்துமீனா அவளுக்கு நாலைந்து பேருக்குப் பின்னால், தனியாக வந்தாள்.

“எப்பிடித்தா எழுதுன?”

“எல்லாம் எழுதிட்டேம்மா.” என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். “மனப்பாடப் பாட்டு நல்லா வந்துச்சு” என்றாள், என்னிடமா அவள் அம்மாவிடமா என்று தெரியாதபடி. பிறகு சைக்கிள் எடுக்கப் போனாள்.

அவள் போன பிறகு சந்தனமாரி என் பக்கம் நெருங்கி நின்றார். போன வாரம் மனுப் போட்டுப் பார்க்கப் போயிருந்தார்களாம். நடந்ததெல்லாம் நாகஜோதியின் அப்பாவுக்கும் எட்டியிருந்ததாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மகளிடம் அவர் ஒன்று சொல்லியிருக்கிறார். மகளும் பதில் சொல்லியிருக்கிறாள். “ஒங்ககிட்டச் சொல்லச் சொல்லி அவதான் சொன்னா” என்று சொல்லிவிட்டு, இரண்டையும் என்னிடம் சொன்னார்.

இரண்டும் எனக்கு நினைவிருக்கின்றன. இங்கே எழுதவில்லை.